போனில் நான் சொன்னது

லேப்டாப் தானாக அணைந்துபோகிறது என்று யாராவது கொண்டுவந்தால், வீட்டில் நாய், பூனை வளர்க்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பத்தில் ஆறு லேப்டாப்பில் காற்றாடிக்குள் ரோமமும் தூசியும் அடைத்துக்கொண்டிருக்கும். தறி ஓடுகிற வீடுகளாக இருந்தால் பஞ்சு. பிரஷ்ஷால் தட்டி ஊதிவிட்டால் போதும், அப்புறம் தொந்தரவு இருக்காது. சங்ககிரியில் பதினான்கு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் பெயர் குணசீலன் என்பதை நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள்.

மேடம், குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் என்ற முறையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சென்னியப்பன் தன் மனைவி அமுதவல்லியை விட்டுப் பிரிவதற்கு மனு போட்டிருக்கிறார். மகள் கயல்விழி தீயில் வெந்ததற்குத் தாயின் அலட்சியம்தான் காரணம் என்று அதில் எழுதியிருக்கிறார். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்கக் கூடாது என்று கடைக்காரர் போனில் எச்சரித்தும் அவள் காதில் வாங்கவில்லை என்கிறார். அப்படிச் சொன்னீர்களா, இல்லையா என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

சென்னியப்பன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. போன வருஷம் தை மாதம் மகளுடைய லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை என்று கொண்டுவந்தார். அந்தப் பெண் சி.ஏ. படிப்புக்கு ஆன்லைன் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். கம்பெனி பேட்டரி வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், கையிலிருந்த வேறொன்றைப் போட்டேன். இதுவும் அதே தரம்தான் என்று சொன்னேன். அப்போது அதை நானும் நம்பினேன் என்றே நினைக்கிறேன்.

மாசி பிறந்ததும் லேப்டாப் அணைய ஆரம்பித்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திரை கறுத்துவிடும். பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் ஓடும். நான் காற்றாடியைக் கழற்றித் துடைத்தேன். பிராசஸர்மேல் புதுப் பசை தடவினேன். மெமரியை மாற்றிப் பார்த்தேன், சார்ஜரை மாற்றிப் பார்த்தேன். விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திரும்பி வந்தது.

நான் தொட்டுப் பார்க்காத ஒரே பொருள் பேட்டரி. புதிதாகத் தொழில் கற்க வருகிறவனுக்குக்கூட முதலில் அதைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். எதை மாற்றிய பிறகு பழுது வந்ததோ அதில்தான் பழுது இருக்கும். ஆறு வாரம் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஐந்தாவது முறை சென்னியப்பன் வந்தபோது கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்குப் புடிபடலீன்னா புடிபடலீன்னு சொல்லிப்போடுங்க. நான் ஈரோட்டுக்குக் கொண்டுபோயிக்கறேன். அதுல தப்பொண்ணும் இல்லீங்க.”

உண்மையிலேயே தப்பில்லை என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு நாள் கொடுங்கள் என்றேன்.

அன்றைக்குத்தான் பேட்டரியைக் கழற்றினேன். ஒரு ஓரம் லேசாக உப்பியிருந்தது. பேட்டரிக்குள் அரிசி அளவில் ஒரு சூடு அறிகிற பொருள் இருக்கும், மேடம். செல் அளவுக்கு மீறிச் சூடானால் அது லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். ஆறு வாரமாக அந்த லேப்டாப் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அதில் பழுது எதுவும் இல்லை. நான் போட்ட பேட்டரி கெட்டது, அது தீப்பிடிக்காமல் லேப்டாப் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பேட்டரியைத் தூர எறிந்துவிட்டு, நான் போட்டது சரியில்லைங்க, கம்பெனி பேட்டரி வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லியும் பார்த்தேன். கடையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் வந்து வந்து போனது.

சூடு அறிகிற அந்தப் பொருளை வெட்டி எடுத்தேன். அதனிடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தேன். இனி செல் எவ்வளவு கொதித்தாலும், சூடே இல்லை என்றுதான் லேப்டாப்புக்குச் செய்தி போகும். ஐந்து நிமிஷ வேலை. அதன் பிறகு ஒரு முழுப் பகலும் என் மேசையில் அது ஓடியது. ஒரு தடவைகூட அணையவில்லை.

சென்னியப்பன் அதை வாங்கிக்கொண்டு போன மறுவாரம் இரண்டு பேரைக் கடைக்கு அனுப்பிவைத்தார். குணசீலனுக்குக் கைராசி என்று சொன்னாராம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

பங்குனி கடைசியில், ஒரு மத்தியானம், அமுதவல்லி எனக்குப் போன் செய்தார். அந்தம்மா அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை. லேப்டாப் அணைவதில்லை, ஆனால் அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடுகிறது, பிள்ளை கட்டிலில் மெத்தைமேல் வைத்துத்தான் படிக்கிறாள், அப்படி வைக்கலாமா என்று கேட்டார். சரியான கேள்வி. உடனே அணைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். கொண்டுவந்தால் கூடவே சென்னியப்பனும் வருவார். ஆறாவது முறை.

“வெயில் காலமுங்க, அப்படித்தான் இருக்கும். தாராளமா வெச்சுப் படிக்கட்டும்” என்றேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான், மேடம். மெத்தைமேல் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வைக்கலாம் என்று சொன்னேன்.

நான்கு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பேட்டரி வெடித்தது. மெத்தை பஞ்சு மெத்தை. கயல்விழி லேப்டாப்பைக் கையால் கீழே தள்ளப் பார்த்திருக்கிறாள். அமுதவல்லி சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து மகளை இழுத்துப்போட்டார். அவருக்கும் முழங்கை வரை வெந்தது. அந்தப் பெண்ணுக்கு வலது கை, கழுத்து, காதோரம். மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்துப் புருஷனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். எரிந்த லேப்டாப்பைச் சாக்கில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். அந்தம்மாவின் கையில் கட்டு இருந்தது. எப்படிங்க தீப்பிடிச்சது என்று சென்னியப்பன் கேட்டார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார்.

எங்கே வைத்துப் படித்தாள் என்று கேட்டேன். மெத்தைமேல் என்றார். அப்போது அமுதவல்லி, “நான் போன் பண்ணிக் கேட்டனுங்களே” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ துணைக்குக் கூப்பிடுகிறவர்போல இருந்தார். “ஆமாங்க, கேட்டீங்க. மெத்தை மேல வெக்க வேண்டாம்னு அப்பவே சொன்னனுங்களே” என்றேன்.

இதை நான் யோசித்து வைத்துக்கொண்டு சொல்லவில்லை. வாய் திறந்தபோது வந்துவிட்டது. சென்னியப்பன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அமுதவல்லி மறுத்துப் பேசுவார், இல்லவே இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உண்மையை ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, அந்த மத்தியானத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். பிறகு தலை தாழ்ந்தது.

“சொல்லியிருப்பீங்க” என்றார். “எனக்குத்தான் காதுல ஏறாம போச்சாட்ட இருக்குதுங்க.”

மேடம், அந்தம்மா என்னை நம்பினார். தன் காதைவிட என் வாயை நம்பினார். அவர்கள் போன பிறகு அந்தச் சாக்கைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். பேட்டரியில் மிச்சமிருந்ததைப் பிரித்து, சாயங்காலம் காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீரில் போட்டேன்.

அதன் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அமுதவல்லி பள்ளிபாளையத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், துணி மடிக்கிற வேலைக்குப் போகிறார். மகள் அம்மாவோடு பேசுவதில்லை. இடது கையால் எழுதப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டேன். பதினொரு மாதமாக ஒரு தாய் தன் மகளைத் தானே எரித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படி நம்பவைத்தது நான். அந்தப் பெண்ணின் விரல்கள் ஒட்டிப்போகக் காரணமும் நான். இதில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

போன மாதம் சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் அமுதவல்லியைப் பார்த்தேன். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே கிட்டே வந்து, “நல்லா இருக்கீங்களாங்க, கடையெல்லாம் எப்படிப் போவுது” என்று விசாரித்தார். அன்றைக்குச் சொன்னதைக் கேட்காமல் போய்விட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. மகுடஞ்சாவடியில் இறங்கித் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இன்றைக்கு வரை, இங்கே வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றே இருந்தேன். சொல்லிவிட்டேன். இப்போது மனசு எவ்வளவோ தேவலை.

கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் மட்டும், போனில் பேசியது எனக்கு நினைவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இது எனக்காக இல்லை, மேடம். கடையில் நாலு பேர் வந்து உட்காருகிறார்கள், வீட்டில் என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். அமுதவல்லி பொறுத்துக்கொள்வார். அந்தம்மாவுக்கு இது பழகிவிட்டது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.