முதல் வில்லும் முதல் ஐயமும்

அவையை ஆளும் தலைவர் பெருந்தகையே, அகவையில் மூத்த ஆன்றோரே, அன்பே உருவான தாய்மாரே, விற்பயிற்சிக் கழகத்தின் வீர இளைஞர்களே! இறைவன் திருவடியை எண்ணி உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

வில்லை முதலில் வளைத்தவர் யார்? சான்று எங்கே? மரம் மக்கியது, நாண் நைந்தது, நகத்தளவு கல்முனைகளே எஞ்சின. அவையும் அம்பின் முனைகளா, ஈட்டியின் முனைகளா என்று அறிஞர்களே ஐயுறுகிறார்கள்! ஆகவே நான் சொல்லப்போவது வரலாறு அன்று. என் உள்ளம் புனைந்த கதை.

ஈட்டி ஏந்தியவன் எதிரே நின்றான்; கொன்றவன் முகம் தெரிந்தது. வில் வந்தது; விலகி நின்று கொல்ல வழி வந்தது. புதருக்குப் பின்னே ஒளிந்தவன் எவன்? எய்தவன் எவன்? எவனை ஐயுறுவது?

ஒரு வேட்டைக் கூட்டம். தாம் செய்த அம்பில் தமக்கென ஓர் அடையாளம் கீறுவது அவர்கள் வழக்கம். ஒருநாள் ஓடைக்கரையில் ஒருவன் முதுகில் அம்பு தைத்து மாண்டு கிடந்தான். அம்பில் மூன்று கோடுகள். அவன் மனைவியின் அண்ணனுடைய அடையாளம்! முதல்நாள்தான் ஒரு மான்தோலுக்காக இருவரும் மல்லுக்கு நின்றிருந்தார்கள்.

இறந்தவனின் தம்பி ஈட்டியோடு அந்த அண்ணன்மேல் பாய்ந்தான். "மச்சான் மச்சான்னு கூப்பிட்டுட்டே முதுகுல எய்துட்டியேடா!"

"சத்தியமா நான் இல்லடா!"

கண்ணீரோடு குறுக்கே வந்து நின்றாள் கணவனை இழந்தவள். "நில்லு கொழுந்தா. எல்லாரும் தூணியில இருக்குற அம்பக் கீழ கொட்டுங்க. முதல்ல நீ கொட்டு."

கொட்டினான். அவன் அம்புகளிலேயே இரண்டில் மூன்று கோடுகள்! ஆம் ஐயா, நட்புக்காக அம்பை மாற்றிக்கொள்வோர் அவர்கள். எவன் எய்தாலும் இறைச்சியில் முதற்பங்கு அம்பு செய்தவனுக்கு. அந்த அடையாளம் செய்தவனைத்தான் சொல்லும், எய்தவனைச் சொல்லாது. நாள்தோறும் மாற்றிப் பழகியவர்கள், ஆத்திரத்தில் அதையே மறந்தார்கள்!

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசையில்? "அப்படியானால் தம்பிதான் கொன்றான்" என்கிறீர்களா? பார்த்தீர்களா, உங்கள் விரலும் அதற்குள் நாணில் ஏறிவிட்டது!

தம்பி கேட்டான்: "அப்போ உங்க அண்ணன நம்புறீங்களா அண்ணி?"

"நான் யாரையும் நம்பல. உன்னையுந்தான். ஆனா தெரியாம ஒரு உசுர எடுக்க விடமாட்டேன்."

ஈட்டி தாழ்ந்தது. எய்தவன் யார் என்பதைப் படைத்தவன் ஒருவனே அறிவான். குடிலுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் ஆறுதலாக அவள் பின்னே வந்தான். அவள் நின்றாள். "அண்ணா, நீ முன்னாடி நட."

அன்பர்களே! ஐயம் கொள்ளுங்கள், அயராமல் கொள்ளுங்கள், அண்ணனையே முன்னே நடக்கச் சொல்லுங்கள்! ஆனால், ஐயம் ஒன்றையே கணையாக்கி ஓர் உயிரின்மேல் எய்துவிடாதீர்கள்!

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. எல்லாம் வல்லவன் உங்கள் இல்லங்களைக் காக்க! வணக்கம்.