காற்று புகாத வீடு

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை, ஐயா. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தேங்குகிறது என்றுதான் பார்ப்பேன். சுவரோரம் தேங்கினால் அந்த வீட்டின் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். வீடு வாங்க வருகிறவர்கள் சமையலறை அலமாரியை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மயங்கிப்போவார்கள். வாங்குவதற்கு முன்னால் வீட்டைச் சோதித்துக் குறைகளைச் சொல்லி, அந்த மயக்கத்தைத் தெளிவிப்பதுதான் என் தொழில்.

உட்காருங்கள். என் மகள் பக்கத்து அறையில் தூங்குகிறாள், கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொள்வோம்.

வீடுகளின் குறைகளில் புதுசு என்று எதுவும் கிடையாது. ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் உள்ளே ஈரம் ஊறியிருக்கிறது. பீரோவை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருந்தால் பின்னால் விரிசல் ஓடுகிறது. கதவு தானாகச் சாத்திக்கொண்டால் தரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஸ்விட்சைப் போடும்போது 'சர்' என்று ஒரு சத்தம் வந்தால் ஒயர் கருகிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் வால் பிடித்தாற்போல என் பின்னாலேயே வந்து, "அது ஒண்ணும் இல்ல சார், போன மழைக்குத்தான்" என்பார். எல்லா வீட்டிலும் எல்லாமே போன மழைக்குத்தான்.

என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான், கல்யாணமான பிறகும் பாப்பாதான். பொது நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவரை அவளே பார்த்துக் கட்டிக்கொண்டாள். நான் குறுக்கே நிற்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, கோபம் கிடையாது, என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அவரிடம் உருப்படியாக ஒரு குறை அகப்பட்டிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அடுத்த தெருவில்தான் வாடகைக்கு இருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் இங்கே வந்து என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு மாப்பிள்ளைக்கு வேறொரு ஊரில், பெரிய குளத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் அரை நாள் தூரம். அங்கேயே வீடு வாங்கப் போவதாகச் சொன்னாள்.

"நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான்ப்பா வாங்குவோம். உங்க கண்ணுக்குத் தப்புமா?"

பார்த்தேன். முதல் வீட்டில் கூரை ஒழுகியது. அடுத்ததில் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து ஏறியது. இன்னொன்றில் மாடிப்படிக் கைப்பிடி ஆடியது. எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் ஆடுகிற கைப்பிடியைப் பற்றிச் சொல்லும்போது குரலை எவ்வளவு இறக்கினால் கேட்பவர் அந்த வீடே வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அவள்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள்.

"உங்களுக்கு எந்த வீடுமே பிடிக்காதுப்பா. வீடு பிடிக்காம இல்ல, நாங்க போறது பிடிக்கல. விடுங்க, அந்த ஊர்லயே யாரையாவது வச்சுப் பாத்துக்கறோம்."

"கடைசியா ஒண்ணு பாத்துடறேன் பாப்பா" என்றேன்.

அந்த வீடு நிஜமாகவே நல்ல வீடு. ஒரு குழாய் சொட்டியது, சமையலறையில் ஒரு பிளக்குக்கு எர்த் இல்லை, கீழ்க் குளியலறையில் சில டைல்கள் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கொடுத்தன. அவ்வளவுதான். மாடியில் படுக்கையறையை ஒட்டி இன்னொரு குளியலறை. அதற்குள் பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று. அதன் புகைக்குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மூடி எங்கேயோ பறந்துபோய், குழாய்க்குள் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். வைக்கோலும் இறகுமாகக் கெட்டித்துப் போயிருந்தது. அப்படி அடைத்துக்கொண்டால் புகை வெளியே போகாமல் குளிக்கிறவரிடமே திரும்பி வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதலில் தலை வலிக்கும், பிறகு கண்ணைச் சுழற்றும், அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

கூட்டை எடுத்துப்போட ஒரு கையும் கொஞ்சம் பொறுமையும் போதும். நான் கையை வெளியே எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.

"மேல எப்படி இருக்கு மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"கூரை கல்லு மாதிரி இருக்கு மாப்ள. தைரியமா வாங்குங்க."

கூரை கல்லு மாதிரிதான் இருந்தது. பாப்பா ஓடிவந்து, விற்கிறவர் முன்னாலேயே என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகாது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் எல்லாம் செய்தேன். அவள் சின்ன வயதிலிருந்தே பச்சைத் தண்ணீரில் குளிப்பவள். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். "ஆமாப்பா, எனக்குக் கீழ் பாத்ரூம்தான். வெந்நீர்னா இவருக்குத்தான் உசுரு" என்றாள். நீச்சல் குளத்தில் போடும் மருந்தின் வாடை போகும்வரை அவர் நெடுநேரம் வெந்நீரில் நின்று, பாடிக்கொண்டே குளிப்பாராம்.

வெயில் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. நான் போயிருந்தபோது ஒரு நாள் குளித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "மருந்து தலைக்கு ஏறுது போல மாமா" என்றார். இருக்கும் என்றேன். குளிர் வந்ததும், குளிக்கிற இடத்தில் ஊசி மாதிரி காற்று வருகிறது என்று போனில் சொன்னார். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. நானாகவே ஜன்னல் இடுக்கை அடைக்கச் சிலிகான் பசையும், கதவின் அடிக்கு ரப்பர் பட்டையும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

நிதானமாகச் செய்த வேலை அது. ஒவ்வோர் இடுக்காக அடைத்து விரலால் நீவிவிட்டேன். பாப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள்.

"கொஞ்சம்கூட இடுக்கு விட வேண்டாமாப்பா?"

"வேண்டாம்மா. இந்தக் குளிருக்கு அவருக்கு நெஞ்சு கட்டிக்கும்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். "இப்பத்தான்ப்பா உங்களுக்கு அவரப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை குளிக்கப் போனார். அவள் கீழே சமைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது, தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. மேலே போய்ப் பார்த்திருக்கிறாள். இங்கேதான் நான் கணக்குப் போடத் தவறினேன். வாசலில் நின்று கூப்பிடுவாள், பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அவரைப் புரட்டி இழுக்கப் பார்த்ததில் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொண்டது. நீச்சல்காரர், கனத்த உடம்பு. பிறகு ஜன்னலுக்குப் போயிருக்கிறாள். உங்கள் போலீஸ்காரர் சிலிகானில் நகக்கீறல் இருந்ததாகச் சொன்னார் அல்லவா, அது அவளுடையது. சிலிகான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. மட்டமான சாமான் வாங்குகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

மாடியிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா ஆட்களைக் கூட்டி வந்தார். மாப்பிள்ளையின் கதை முடிந்திருந்தது. இவளுக்கு மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே அழைத்து வந்தேன். ஆரம்பத்தில் தேறிவிட்டவள் போலத்தான் இருந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், அழுதாள். பழையபடி சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். அப்படிக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டாள்.

"கூரைக்கு ஏறினீங்களே, அந்தப் புகைக்குழாயப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"உள்ளயா?"

"உள்ளயும்தான். டீ ஆறிடும், குடி பாப்பா."

அவள் டீயைத் தள்ளி வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். விடிந்ததும் கிளம்புகிறேன் என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

காலையில் போய்ப் பார்த்தபோது பெட்டிக்கு முன்னால், கையில் ஒரு சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். பட்டன் போடத் தெரியவில்லை. பெட்டி எதற்கு என்று தெரியவில்லை. அந்தப் புகை சிலரை விட்டுவிட்டதுபோலப் பாசாங்கு செய்து, பிறகு மூளைக்குத் திரும்பி வருமாம், டாக்டர் சொன்னார். சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன். எல்லாத் துணிகளையும் அலமாரியில் பழையபடி அடுக்கி வைத்தேன்.

நீங்கள் வந்தது ஒரே கேள்விக்காக. கூடு இருந்தது எனக்குத் தெரியுமா என்று. தெரியும். ஜன்னலை அடைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் சாக வேண்டும் என்றுதான் அடைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டால் இவளுக்கு யார் இருக்கிறார்கள்? பகலில் ஒரு நர்ஸ் வருகிறாள், ஊட்டிவிடுகிறாள், குளிப்பாட்டுகிறாள். ஆனால் கூலிக்குச் செய்வதும் பெற்றவன் செய்வதும் ஒன்றாகிவிடுமா? இவளுக்கு இனி யாரையும் அடையாளம் தெரியாது என்கிறார் டாக்டர். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நர்ஸ் வந்தால் இவள் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் வந்தாலும் அப்படித்தான், பக்கத்து வீட்டார் வந்தாலும் அப்படித்தான். நான் அறைக்குள் காலெடுத்து வைத்தால் மட்டும் சுவரோடு ஒண்டிக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வீறிட்டு அழுகிறாள். வேறு யாரைப் பார்த்தும் அப்படி அழுவதில்லை. அப்பாவை அவளுக்கு நன்றாகவே அடையாளம் தெரிகிறது, ஐயா.