அந்த மைக்கை யார் அளந்தது?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் யார்டு மேலாளர் சௌக்கத் அலி அவர்களே, துயரத்தை அடக்கிக்கொண்டு மேடையில் அமர்ந்திருக்கும் ஐரீன் அக்காவின் கணவர் ஃப்ரெடி அண்ணன் அவர்களே, ஷிப்டு முடிந்த கையோடு வந்து நிற்கும் தோழர்களே, கல்மண்டபத்து உறவுகளே! எல்லோரையும் வணங்கி, உங்களில் ஒருவனாகிய பீம்ராவ் பேசுகிறேன்.

நம் கண்டெய்னர் யார்டின் மூத்த வயர்லெஸ் ஆபரேட்டர் திருமதி ஐரீன் அவர்கள் இன்று இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் எப்படிப்பட்டவர்? அதைச் சொல்ல, என் கதையைத்தான் நான் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு நமக்கெல்லாம் காதுக்குள் செருகும் புது இயர்போன் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? கண்டெய்னர் பெட்டியின் எழுத்தையும் எண்ணையும் படிப்பவர் 'எஸ்' என்பார். என் காதில் 'எஃப்' என்று விழும். ஒரு நாள் கிரேன்காரரிடம் வேறு பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டேன். அதன் அருகே ஒரு தொழிலாளி நின்றிருந்தார். மயிரிழையில் பிழைத்தார்! "பீம்ராவுக்குக் காது போய்விட்டது" என்று என்னை வயர்லெஸ்ஸிலிருந்து எடுத்து, வாசல் கேட் டியூட்டிக்கு அனுப்பினார்கள். எம்.கே.பி. நகர் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால்கூட என் மனைவி என்னைக் கவலையோடு பார்ப்பார்.

ஐரீன் அக்கா வாசல் கேட்டுக்கே வந்தார். ஆறுதல் சொல்லவா? இல்லை, கேள்வி கேட்க!

"இன்னா பீமு, அவுட்டானது உன் காதா, இந்த இயர்போனா? எவனாவது அளந்து பாத்தானா?"

"அத எப்டிக்கா அளக்கறது?"

"எனக்கும் தெர்ல. தேடிக்கினு கீறேன்."

தேடிக் கண்டுபிடித்தார். காதின் துவாரம் அளவுக்கு ஒரு சின்ன உலோகக் குழாய். அதன் அடியில் ஒரு மைக். மலிவான சாமான்தான். இயர்போனைக் குழாயின் வாயில் இறுகச் செருகி, உறுமலில் தொடங்கி விசில்வரை ஏறும் ஓர் ஓசையை லேப்டாப்பிலிருந்து விட வேண்டும். எந்த ஓசை எவ்வளவு பலமாக வருகிறது என்று திரையில் ஒரு கோடு காட்டும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் கீழ் ஓசையெல்லாம் ஒழுகிப் போய்விடும். பக்கத்தில் சத்தமும் ஆகாது. அக்கா வீட்டில் ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது.

"ஐரீனு, வெந்து பூட்டேன். ஃபேனப் போடு!" என்று கத்துவார் ஃப்ரெடி அண்ணன்.

"இருங்க, ரோட்ல அந்த டிரெய்லர் பூடட்டும்."

கம்பெனி இயர்போனுக்குக் கோடு வந்தது. 'எஸ்' ஒலிக்கும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளரிடம் போனார். நம் சௌக்கத் அலி சார் பார்த்தார், யோசித்தார், ஒன்றே ஒன்று கேட்டார்: "சரிம்மா, அந்த மைக்கை யார் அளந்தது?"

அவமானப்படுத்துகிறார் என்று எங்களுக்குக் கோபம் வந்தது. அக்காவின் முகமோ மலர்ந்தது! "நல்ல கேள்வி சார். எனக்கு இது தோணவே இல்ல" என்றார்.

கிண்டிப் பக்கம் ஓர் ஒலி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சாதாரண இயர்போனை எடுத்துப் போய், அங்கே அளந்து தரச் சொல்லிக் கெஞ்சி, அந்தக் கோட்டை வாங்கி வந்தார். அதே இயர்போனை வீட்டுக் குழாயில் செருகினார். எடுத்தார், மறுபடி செருகினார், மறுபடி அளந்தார். சராசரி பார்த்தார். அங்கே ஒரு கோடு, இங்கே வேறு கோடு! அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுச் சாமானின் பிழை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கம்பெனி இயர்போனின் பள்ளம் பாதிதான் மிஞ்சியது.

நம்மில் சிலர் என்ன சொன்னோம்? "முதல் கோட்டையே காட்டுக்கா, யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே! பாதித் தப்பு நம்ம மைக்கோடது. அத மூடிவெச்சிட்டு அவுங்ககிட்ட இன்னா நியாயம் கேக்கறது?"

முதல் கோடு, பிழை கழித்த கோடு இரண்டையும் மேலாளரின் மேசைமேல் வைத்தார். அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார். "பீமு, நீயும் காத டெஸ்ட் பண்ணிக்கினு வா." எனக்கு உள்ளூர பயம். போனேன். இடது காதில் கொஞ்சம் மந்தம், ஆனால் வேலைக்குத் தடையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மிஞ்சிய பாதிப் பள்ளத்தை மேலாளர் ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் இயர்போன் மாறியது. நான் மறுபடி வயர்லெஸ்ஸில் உட்கார்ந்தேன். அன்று 'எஸ்' என்ற எழுத்து எவ்வளவு அழகாகக் கேட்டது தெரியுமா!

போன மாதம் அக்கா என்னிடம் கேட்டார்: "இந்தக் குழா ஒரே அளவுதான பீமு? ஆளுக்கு ஆள் காது வேற வேற ஆச்சே. அப்ப இந்தக் குழா யாரோட காது?"

எனக்கு விடை தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாததில் அவருக்கு எத்தனை சந்தோஷம்!

தோழர்களே, அந்தக் குழாயையும் லேப்டாப்பையும் ஃப்ரெடி அண்ணன் நம் தொழிற்சங்கத்துக்குத் தந்துவிட்டார். வரும் ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த பெண் ஆபரேட்டர்களின் இயர்போன்களிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம். நம் சாமானின் பிழையை முதலில் எழுதுவோம். அதன் பிறகுதான் அடுத்தவர் பிழையைச் சொல்வோம். இது ஐரீன் அக்காவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அவர் விட்டுப்போன கேள்விக்கு உங்களில் யாருக்காவது விடை கிடைத்தால், அது எந்த நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!