அச்சுப் பிழையும் நாத்தனாரும்

"செத்து இருநூறு வருசம் ஆன ஜெர்மனிக்காரரு இப்ப வந்து பாட்டை மாத்துறாராம். இன்னா அநியாயம்டி இது!"

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில், முன் இருக்கை அம்மாள் இப்படிச் சொன்னதும் நான் போனை அணைத்தேன். சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவர் போலிருக்கிறது. மடியில் ஒரு புது இசைப் புத்தகம். பக்கத்திலிருந்த இளையவள் அதை வாங்கிப் புரட்டினாள்.

"பாட்டை எழுதினவரு மாத்தலக்கா. அவரு கையால எழுதினதை ஆராய்ச்சி பண்ணி, பழைய புக்குல இருந்த தப்பை எடுத்துட்டாங்க. பக்கத்து அடியில போட்டிருக்கே."

"கடைசி வரியில குரலை மேல ஏத்திப் பாடுவோமே, அதான் தப்பாம். இருபது வருசமா தொண்டை கிழியப் பாடினேன்!"

"இனிமே கீழ பாடிட்டுப் போக்கா."

"நான் பாடிடுவேன். ஸ்டெல்லாவுக்கு இன்னா பதில் சொல்றது?"

"உன் நாத்தனாருக்கா? எதுக்கு?"

"அவ அப்பவே கீழதான் பாடினா. காதுக்கு அதான் சரியா இருக்குதுன்னா. புக்கைப் பாருடின்னு எல்லார் எதிர்லயும் கத்தி, குழுவை விட்டே தொரத்தினேன். எட்டு வருசமா பேச்சு இல்ல. இப்ப பாட்டு மாஸ்டரு, ஈஸ்டருக்குப் பாட அவளைக் கூப்பிடுங்க, புக்கையும் நீங்களே குடுத்துடுங்கன்னு என் கையில திணிச்சிட்டாரு. வேற ஆளே கிடைக்கலையா அந்த மனுசனுக்கு?"

பேருந்து நின்றது.

"உன் ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குக்கா."

"தெரியுதுடி. அவ வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போவணும். வண்டி கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவட்டும்."