கோடு போட்ட சக்கரம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் தம்பி, ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள். ஒரு திருகு இறுக்கினால் சரியாகிவிடும், ஆனால் வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துவிட்டு நாற்காலியைப் பழுது பார்ப்பது மரியாதையாக இருக்காது. டீ ஆறுவதற்குள் குடியுங்கள்.

உங்களை வரச் சொன்னது நான்தான். டயர் கடைக்காரனை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சுருட்டை முடி என்பதால் எங்களுக்கு அவன் சுருட்டை. என் மகன் வாங்கிய டிரெய்லருக்குப் புது டயர் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். சக்கரத்து நட்டுகளைச் சரியாக இறுக்காமல் விட்டான், அதனால்தான் சக்கரம் கழன்றது என்று எழுதியிருக்கிறீர்களாம்.

அது தப்பு தம்பி. என் கணவர் டயர் கடை நடத்தியவர், கல்லாவில் உட்கார்ந்தவள் நான். சுருட்டை எங்களிடம் வேலை பழகியவன். எங்கள் கடையில் பழகியவன் நட்டைத் தளர விட்டான் என்று எழுதினால் அது என் வீட்டுக்காரர் முகத்தில் கரியைப் பூசுவது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பதில் சொல்ல வரமாட்டார். அதனால் நான் சொல்கிறேன். நட்டு தளரவில்லை.

டிரெய்லர் என்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நொறுங்கிய பிறகு. அதற்கு முன்னால் அழகாகத்தான் இருந்தது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீடு. பக்கத்துக்கு ஒரு சக்கரம். உள்ளே அடுப்பு, மடக்கு மேசை, முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. மகனும் மருமகளும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் லாப்டாப்பில் வேலை. மாடியைக் காலி செய்துவிட்டு, ஊர் ஊராகப் போய்க்கொண்டே பிழைப்பதாக ஏற்பாடு.

"எவ்வளவு நாளைக்குடா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கிற வரைக்கும்மா."

"பிடிக்காம போனா?"

"வேற ஊருக்குப் போவோம்."

திரும்பி வருவோம் என்று அவன் சொல்லவில்லை. கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

மருமகள் நல்ல பெண். அதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

"நீங்களும் வாங்க அத்தை," என்றாள். "இடது பக்க ஜன்னலோரமா உங்களுக்குன்னே ஒரு கட்டில் போடச் சொல்லிட்டேன். படுத்துக்கிட்டே ரோட்டைப் பாக்கலாம்."

"சக்கரத்து மேலயா? என்னைப் பொட்டி மாதிரி ஏத்திட்டுப் போகப் பாக்குறியா?"

"பொட்டி இவ்வளவு பேசாது அத்தை."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவள் இல்லை நான்.

இப்போது தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த நட்டு ஒரு வாயாடி. ஆடும், கடகடக்கும், ஓட்டுகிறவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதிகமாக இறுக்கிய நட்டு அப்படியில்லை. வாயே திறக்காது. நட்டு ஏறி உட்கார்ந்திருக்கிற போல்ட் இருக்கிறதே, அதை இழுத்து இழுத்துக் கழுத்து மெலிய வைத்துவிடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வேகமும் பாரமும் சேரும்போது ஒரு போல்ட் போகும், அதன் பாரம் அடுத்ததற்கு ஏறும், பிறகு மிச்சமெல்லாம் வரிசையாகப் போகும். பயந்தாங்கொள்ளி வாடிக்கையாளர்கள் வீட்டிலேயே ஏறி மிதித்து இறுக்கிக்கொண்டு வருவார்கள். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். "கழுத்தை நெரிச்சுட்டு மூச்சு வரலியேன்னு எங்கிட்ட வர்றியேய்யா!"

அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்கிற ஸ்பேனர் ஒன்று உண்டு. அதுவும் குறைவாக இறுக்கியதைத்தான் கண்டுபிடிக்கும். அதிகமாக இறுக்கியதற்கும் அதே டிக்தான். அதனால் எங்கள் கடையில் ஒரு முறை வைத்திருந்தோம். சக்கரம் மாட்டிக் கொஞ்ச தூரம் ஓடிவந்த பிறகு ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, கையில் பதம் பார்த்து, மறுபடி டிக் வரைக்கும் இறுக்க வேண்டும். செய்தவர் நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்துச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார். ஒருவர் கோடு போட்ட சக்கரத்தை இன்னொருவர் தொடக்கூடாது. தொட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். இதற்காகக் கடையில் கைகலப்பே நடந்திருக்கிறது.

சுருட்டை ஒழுங்காக மாட்டிக் கொடுத்தான். மகனும் மருமகளும் பூங்கா வரை ஒரு வெள்ளோட்டம் போய்வந்தார்கள். மறுநாள் இரண்டு பேரும் சாமான் வாங்கப் போயிருந்தபோது, பட்டப்பகலில், வாசல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நான் வேலை பார்த்தேன். ஒளிவுமறைவு எனக்குப் பழக்கமில்லை. கணவரின் பெரிய ஸ்பேனர், கைப்பிடியில் செருக ஒரு நீளமான இரும்புக் குழாய், போல்ட்டின் மரைக்கு விட ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் விட்டால் நட்டு இன்னும் உள்ளே போகும். குழாய் நீளமாக இருந்தால் பலம் வேண்டாம், உடம்பைச் சாய்த்தால் போதும்.

எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இந்த வெயில்ல சக்கரத்தோட மல்லுக்கட்டுறீங்க?"

"பசங்க போற வண்டி. நாம பாக்காம யாரு பாக்குறது?"

"உங்கள மாதிரி மாமியார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். இதைத்தான் சொல்வார்.

நட்டு முதலில் முரண்டு பிடிக்கும். அப்புறம் சட்டென்று இளகினாற்போல ஒரு சுற்று கொடுக்கும். அது நட்டு போவதில்லை, போல்ட் நீளுவது. மாவு பிசைகிறவளுக்குப் பதம் தெரிகிற மாதிரி கைக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கோடு போட்டேன். இடது சக்கரம் மட்டும்தான். வலது பக்கம் வெயில் அதிகமாக இருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான்: தெருமுனை தாண்டியதும் வண்டி ஒரு பக்கம் சாயும், 'சனியன், நமக்கு ஒத்து வராது' என்று திரும்பி வந்துவிடுவார்கள். தெருமுனை வேகத்துக்கெல்லாம் அந்தப் போல்ட் உடையாது, நெடுஞ்சாலை வேகமும் முழுச் சுமையும் வேண்டும் என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். சரிதான். அது எனக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, நினைப்பது வேறு தம்பி.

கிளம்புகிற அன்று காலையில் மகன் டிக் ஸ்பேனரோடு இடது சக்கரத்துக்கு முன்னால் குந்தினான்.

"கோடு போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேன்."

"அப்ப நான் தொடல."

ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். வலது சக்கரத்தை மட்டும் முறைப்படி பார்த்துக் கோடு போட்டான். நல்ல வளர்ப்பு. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

மருமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சாமான் கட்டிக் கட்டி அவளுக்கு ஒரு வாரமாக இடுப்பு வலி.

"இந்த இடுப்போட கார் சீட்டுல உக்காந்தா ஊர் போய்ச் சேரமாட்ட," என்றேன். "எனக்குப் போட்ட கட்டில் சும்மாத்தானே கிடக்கு. அதுல படுத்துட்டுப் போ."

"வண்டி ஓடும்போது உள்ள ஆள் இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே அத்தை."

"சொல்றவங்களுக்கு இடுப்பு வலிக்காது."

"அம்மா, அதெல்லாம் வேணாம்," என்றான் மகன்.

"நீ சும்மா இரு. உனக்கா வலிக்குது?"

அவள் சிரித்துவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஏறும்போது திரும்பி, "உங்க கட்டில் அத்தை, திருப்பிக் கொடுத்துருவேன்," என்றாள். அந்த ஜன்னல் இந்த வாசலுக்கு நேராகத் தெரிந்தது. கையாட்டினாள், நானும் ஆட்டினேன். மகனிடம் மட்டும் போய்க் காரின் கண்ணாடியைத் தட்டி, பெல்ட் போட்டானா என்று கேட்டேன். போட்டேன் என்றான். இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மேம்பால இறக்கத்தில் சக்கரம் கழன்று காரையே முந்திக்கொண்டு ஓடியதாம். டிரெய்லர் கொக்கியை முறித்துக்கொண்டு தடுப்புச்சுவரில் மோதி இடது பக்கமாகப் புரண்டது. கார் நூல் பிடித்தாற்போல நின்றது. என் மகன் மேல் ஒரு கீறல் இல்லை. மருமகள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டுதான் போனாளாம், அதோடு சரி, போய்விட்டாள். அவளை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். நட்டு தளரவில்லை. அந்தச் சக்கரத்தை இறுக்கியது நான், கோடு போட்டது நான், அவளை அதன் மேல் படுக்கச் சொன்னதும் நான். எதையும் தளர விட்டுப் பழக்கமில்லாதவள். சுருட்டையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சாயங்காலத்துக்குள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்தானே? பிள்ளைக்குச் சாப்பாடு போட ஆள் இல்லை. மாடியில்தான் இருக்கிறான். இனிமேல் எங்கேயும் போகமாட்டான், அந்த மட்டுக்கும் நிம்மதி. முந்தாநாள் சுருட்டையின் பெண்டாட்டி வந்து, "அந்தக் கோட்டைப் போட்டது யாருன்னு உங்கம்மாவக் கேளுங்க தம்பி," என்று அவனிடம் அழுதுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக்கூட நான் கீழே இறங்கிய பிறகுதான் எடுக்கிறான். கதவுக்கு உள்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள் வேறு மாட்டிக்கொண்டான். திருகு ஏறுகிற சத்தத்தைப் படியில் நின்று கேட்டேன், நன்றாகத்தான் இறுக்கினான். யாருக்குப் பயந்து அப்படித் தாழ் போடுகிறான் என்றுதான் எனக்குப் புரியவில்லை தம்பி, வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லையே.