முருகையன் மறக்கவில்லை

அவைத் தலைவர் அய்யம்பெருமாள் அவர்களே, கட்டடத் தொழிலாளர் சங்கத்தாரே, சிறுவாச்சூரிலிருந்தும் பூலாம்பாடியிலிருந்தும் இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் முருகையனின் மனைவி கொளஞ்சியம்மாள் அவர்களே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் பெண்கள் விடுதியின் வார்டனாகப் பேசுகிறேன். ஒயர்மேன் முருகையன் அவர்கள் எங்கள் புதுக் கட்டடத்தில் ஏழு மாதம் வேலை பார்த்தார். அரியலூரில் பைப் பதிக்கச் சுவர் கொத்தும் கூலியாளாகத் தொடங்கி, தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். பெரம்பலூரில் எத்தனை வீடுகளின் முதல் விளக்கு அவர் கையால் எரிந்தது! யாரால் எண்ணிச் சொல்ல முடியும்?

ஏணியில் ஏறுமுன், கரண்ட் வராதபடி மெயின் போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சமையல்கார இருசம்மாள் சும்மா விடமாட்டார்.

"என்னண்ணே, பையில வெத்தலைப் பொட்டியா?"

"உசுரு ஆத்தா. இது பையில இருந்தாத்தான் ஏணியில கால் வைப்பேன்."

அப்படிப்பட்டவர் தன் கவனக்குறைவால் கரண்ட் அடித்து இறந்தார் என்று காவல் நிலையத்தில் எழுதியிருக்கிறார்கள். போர்டில் ஒரு கட்டை இருந்ததால், பையிலிருந்த கட்டையை உபரி என்று நினைத்துவிட்டார்கள். நீங்களும் நம்பினீர்கள். உங்களை நம்பவிட்டவள் நான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை. மைக் செட்காரர் கரண்ட் இல்லை என்றார். போர்டில் கட்டை இல்லை. முருகையன் டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். என் மேசையில் வேறொரு கட்டை இருந்தது. அதைக் கொடுத்து மாட்டச் சொன்னேன். முருகையன் பின்கட்டில், சாப்பாட்டு அறையில், ஏணிமேல் இருந்தார்.

ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? பத்தடி நடந்து பார்த்திருக்கக் கூடாதா? அழைப்பிதழில் பெரிய பெயர்கள் இருந்தன. எனக்கு அவசரம்.

மறுநாள் கொளஞ்சியம்மாள் என்னிடம் கேட்டார்: "அவரு மறந்துட்டாருங்களா டீச்சர்?" நான் வாய் திறக்கவில்லை. பதினோரு நாள் திறக்கவில்லை. முருகையனின் உயிரோடு, தொழிலில் அவருக்கிருந்த நல்ல பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

அம்மா, அவர் எதையும் மறக்கவில்லை. மறந்தவள் நான்.

மீதி வேலையை அவருடைய கூட்டாளி நல்லுசாமி செய்து முடிப்பார். அவர் சொல்லும்வரை திறப்பு விழா இல்லை. இனி அங்கே யார் ஏணியில் ஏறினாலும், இறங்கும்வரை மெயின் போர்டுக்கு முன்னால் நான் நிற்பேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் கூட வாருங்கள். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.