வடிதாளில் தங்கிய வெண்பொடி

முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் இதயத்தசை ஆய்வுக்கூடத்தின் கரைசல் அறையைக் கட்டிக்காத்தவரே, அலுப்பறியாத கைகளுக்கும் அதட்டத் தெரியாத நாவுக்கும் உரியவரே, எங்கள் அன்புக்கும் கேலிக்கும் ஒருங்கே ஆளான தண்ணி அண்ணனே, வணக்கம்.

இந்தப் பட்டப்பெயரைக் கேட்டு, இப்பணிநிறைவு விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் முகம் சுளிக்கக்கூடும். ஒருமுறை, புதிதாக வந்த காவலாளி ஒருவர் அண்ணன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "தண்ணி அண்ணன் இன்னைக்கு வருவாரா?" என்று கேட்டார். அண்ணியாரோ, "ராங் நம்பர். எங்க வீட்டுக்காரர் டீகூடக் குடிக்கமாட்டார்" என்று வைத்துவிட்டார். ஆகவே அது எந்தத் தண்ணி என்பதை உறவினர்களுக்கு விளக்கிவிடுகிறோம்.

இதய அறுவைக்கு வரும் நோயாளிகள் சிலர் மனமுவந்து ஒரு துளி இதயத்தசையை ஆய்வுக்குத் தருகிறார்கள். நூல் கனமே உள்ள அந்தத் துணுக்கை இரண்டு கொக்கிகளுக்கிடையே மாட்டி, சரியான உப்புக்கரைசலில் அமிழ்த்தினால் உடம்புக்குள் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கரைசலில் இருந்து சிறிது கால்சியம் தசைக்குள் நுழையும். அது உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தையும் திறந்துவிடும். உடனே தசை இழுக்கும். பிறகு அவ்வளவையும் அள்ளி இருந்த இடத்துக்கே அனுப்பினால்தான் தளர முடியும். இழுப்பதற்கும் செலவு, அள்ளுவதற்கும் செலவு. எவ்வளவு செலவு என்பதை அது உண்ணும் ஆக்சிஜனைக் கொண்டு கணக்கிடுகிறோம். கரைசலில் கால்சியம் குறைந்தால் இழுப்பும் குறையும், செலவும் குறையும். அந்தக் கரைசல்தான் அண்ணனின் தண்ணி.

இனி வருவதை, அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே அவரைப் பற்றி அவையோராகிய உங்களிடம் சொல்கிறோம். அவர் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் டாக்டரம்மா ஒரு மருந்தைச் சோதித்தார். தளர்ந்த இதயத்தின் செலவை அது குறைக்குமா என்பது கேள்வி. ஒவ்வொரு துணுக்கும் முதலில் வெறுங்கரைசலிலும் பிறகு மருந்துக் கரைசலிலும் துடித்தது. பதினெட்டுத் துணுக்குகள். பதினெட்டிலும் மருந்துக் கரைசலுக்கு மாறியதும் இழுப்பு சற்றுத் தணிந்தது, ஆக்சிஜன் செலவு கால்பங்கு குறைந்தது. களைத்த இதயத்துக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று கூடமே மகிழ்ந்தது. பன்னிரண்டு நோயாளிகளுக்கு, அவர்கள் சாப்பிட்டுவரும் மாத்திரை ஒன்றை நிறுத்திவிட்டு இதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவுசெய்ய வியாழக்கிழமை மருத்துவர் குழு கூடுவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணன் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. மருந்துக் கரைசல் பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படலம். பிரஷுக்கு அசையவில்லை. நீர்த்த அமிலம் கொஞ்சம் ஊற்றினார். அது பொங்கி நுரைத்தது.

அவர் கை அப்படியே நின்றது. அமிலம் பட்டு நுரைப்பது சுண்ணாம்பின் குணம், அந்த மருந்தின் குணமல்ல.

கரைசல் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. மற்ற உப்புகளைக் கரைத்து, ஆக்சிஜனும் கரியமில வாயுவும் கலந்த காற்றைக் குமிழியிட்டு, அதன் பிறகுதான் கால்சியம் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் கால்சியத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்துவிடும். இதை எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் இந்த மருந்து கரைய ஒரு மணி நேரம் எடுத்தது. அந்த நேரத்தை மிச்சப்படுத்த, அவரே கால்சியத்தையும் முதலிலேயே போட்டு, மருந்தைக் கலக்கிக் கலக்கிக் கரைத்து, வாயுவைக் கடைசிக்குத் தள்ளினார். கரைசல் லேசாகக் கலங்கியது. கரையாத மருந்துத் தூள் என்று நினைத்து வடிகட்டினார். வடிதாளில் தங்கியது மருந்தல்ல, கால்சியம். கீழே இறங்கிய தெளிந்த நீரில் தசை பாதிப் பட்டினி கிடந்தது. இழுக்க வழியில்லாமல் குறைவாக இழுத்தது, குறைவாகச் செலவழித்தது.

மருந்தே போடாமல் அதே வரிசையில் இன்னொரு பாட்டில் செய்து பார்த்தார். அதுவும் கலங்கியது.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அண்ணியார்தான் எங்களுக்குச் சொன்னார்.

"சாப்பாடு ஆறுது. ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"எட்டு மாசத்துல ரிட்டயர்டு. நல்ல பேரோட அனுப்புவாங்கன்னு இருந்தேன். மூணு மாச வேலை என் கையால கெட்டுப்போச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பாட்டிலையும் கழுவியாச்சு."

"உங்களுக்குத் தெரியும்ல? ஏற்கெனவே குறட்டை விட்டு என் தூக்கத்தைக் கெடுக்கறீங்க. இனிமே முழிச்சுக்கிட்டு உக்காந்து வேற கெடுக்கப்போறீங்களா?"

புதன்கிழமை காலை, கலங்கிய பாட்டிலும் கரைசல் குறிப்பேடுமாக டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்.

"டாக்டரம்மா, பதினெட்டும் தப்பு. மருந்து ஒண்ணும் பண்ணல. பண்ணினது நான்."

அவர் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கூட்டம். தெரியும்ல அண்ணே?"

"தெரிஞ்சுதான் இன்னைக்கு வந்தேன்."

"பதினெட்டு பேரு நெஞ்சைத் திறந்தப்போ குடுத்தது. திரும்பப் போய்க் கேக்க முடியுமா?"

அண்ணன் குறிப்பேட்டை மேசைமேல் விரித்து வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பக்கத்து அறையில் இருந்த நாங்கள், காதில் விழாததுபோல வேலை பார்த்தோம்.

கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த நான்கு மாதங்களில் புதிதாக ஏழு துணுக்குகள் கிடைத்தன. சரியான வரிசையில் செய்த கரைசலில், வரைபடத்தில் மருந்து போட்ட கோடும் போடாத கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன; மருந்தால் எந்த மாற்றமும் இல்லை. நடந்த தவற்றை விளக்கி டாக்டரம்மா ஒரு சிறு கட்டுரை எழுதி, எழுதியவர் வரிசையில் முதல் பெயராக அண்ணன் பெயரைப் போட்டார்.

"என் பேரு எதுக்குங்க? மானம் போகுது."

"தப்புப் பண்ணினதும் நீங்க, கண்டுபிடிச்சதும் நீங்க. ரெண்டுக்கும் வேற வேற ஆளு தேட நான் எங்க போவேன்?"

அண்ணனே, இம்மடலின் முதல் வரைவில் 'முப்பத்தொரு ஆண்டும் பிழையே செய்யாதவர்' என்று எழுதியிருந்தோம். தாங்கள் பேனா கேட்டு வாங்கி அதை அடித்துவிட்டீர்கள். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று எங்களுக்குள் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. அடைமொழி எதுவும் பொருந்தவில்லை. நடந்ததையே எழுதிவிட்டோம்.

தாங்களும் அண்ணியாரும் நோய்நொடியின்றி, மனநிறைவோடு, நீண்ட காலம் நல்ல தூக்கம் தூங்கி வாழ வேண்டுகிறோம்.

அந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் பழைய மாத்திரையையே சாப்பிட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை வெளிநோயாளர் பிரிவுக்கு வந்துபோகிறார்கள். கரைசல் அறையைத் தாண்டித்தான் வரிசையில் நிற்கிறார்கள். மருந்துக்கடையில் கூட்டம் என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

என்றும் அன்புடன்,
இதயத்தசை ஆய்வுக்கூடப் பணியாளர்கள்